நாற்பத்தெட்டு நிட் வெளிச்சம்

"படம் இருட்டா இருக்கு" என்று எங்கள் வீட்டில் முதலில் குறை சொன்னவர் என் மாமியார். 1988 ஆக இருக்க வேண்டும். இந்திய இராணுவம் மட்டக்களப்பில் நின்ற காலம். இரவில் தெருவில் இறங்க வழியில்லை, அதனால் கல்லடியில் மனைவி வீட்டு முன்மண்டபத்தில் வாடகைக்கு ரீவியும் டெக்கும் எடுத்துப் படம் ஓட்டுவோம். அன்றைக்கு 'நாயகன்'. ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் பாதி முகத்தை வெளிச்சத்திலும் மறுபாதியை நிழலிலும் வைத்து எடுத்த படம். பிரதியின் பிரதியின் பிரதியாக எங்களுக்கு வந்த கெசற்றில் நிழல் பாதியைத் தின்று, வெளிச்சப் பாதியிலும் கொஞ்சத்தைத் தின்றிருந்தது. குரல் கேட்கிறது, ஆளைக் காணோம்.

"இவன் ஏன் வெளிச்சத்துக்கு வந்து கதைக்கிறானில்ல?" என்றார் மாமியார்.

கெசற் கொண்டுவந்த பொடியன் டெக்கைத் திறந்து ஹெட்டைத் துடைத்தான். சரிவரவில்லை. பிறைற்னஸை முழுதாக ஏற்றினான். கறுப்பெல்லாம் சாம்பலாகி, கமல்ஹாசன் சாம்பலுக்குள் இருந்து எட்டிப் பார்த்தார். நாங்கள் அதையே விடியும்வரை பார்த்தோம். ஒருவரும் எழும்பிப் போகவில்லை.

அதே மண்டபத்தில், அதே சுவரில், இப்போது 55 அங்குல ரீவி தொங்குகிறது. கனடாவில் இருக்கிற அக்காவின் மகன் காசு அனுப்பி, நகரத்துக் கடையொன்றில் எடுத்தது. கடையில் அது காட்டியதைப் பார்த்திருக்க வேண்டும். பஞ்சவர்ணக் கிளி, எரிமலைக் குழம்பு, கறுப்புப் பின்னணியில் தேன் ஒழுகுவது. பெட்டியில் 4கே, எச்டிஆர் 10, டொல்பி விஷன் என்று வரிசையாக முத்திரைகள். வீட்டில் பூட்டி, நெட்ஃப்ளிக்ஸில் ஒரு புதுப் படத்தைப் போட்டு, மூலையில் எச்டிஆர் என்ற எழுத்து மின்னி மறைந்ததும் மண்டபமே எதிர்பார்ப்போடு உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் போனதும் என் மனைவி, தாயின் குரல் அப்படியே வந்து இறங்கினாற்போல, "என்ன இது, படம் இருட்டா இருக்கு" என்றாள். பழைய ரீவியே இதைவிட வெளிச்சம் என்று அயல்வீட்டுக்காரர் தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

எச்டிஆர் எதற்கு வந்தது என்பதை விளங்க பழைய கல்லடிப் பாலத்தில் ஒரு பின்னேரம் நின்றால் போதும். சூரியன் வாவிக்கு அப்பால், படுவான்கரைப் பக்கம் இறங்கும். தண்ணீரில் பார்க்க முடியாத அளவு ஒளிப்பாதை ஒன்று ஓடும். அதே கணத்தில் கரையோரக் கண்டல் மர நிழலில் ஒருவர் வலை உதறிக்கொண்டிருப்பதும் தெரியும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். பழைய ரீவிக்குத் தெரியாது. தண்ணீரைக் காப்பாற்றினால் வலைக்காரர் கரிக்கட்டை. வலைக்காரரைக் காப்பாற்றினால் தண்ணீர் வெறும் வெள்ளை. பழைய ஒளிபரப்புத் தரம் 100 நிட் அளவு வெளிச்சம் தரும் கண்ணாடிக் குழாய் ரீவியை மனதில் வைத்து வகுத்தது. நிட் என்பது ஒரு சதுர மீற்றர் திரை ஏறக்குறைய எத்தனை மெழுகுதிரி வெளிச்சம் தருகிறது என்ற கணக்கு. 2014இல் தரப்படுத்திய புது முறை 10,000 நிட் வரைக்கும் படி வைத்திருக்கிறது. படங்களைப் பெரும்பாலும் 1,000 நிட்டுக்கும் சிலவற்றை 4,000 நிட்டுக்கும் ஒளிதிருத்தி முடிக்கிறார்கள். ஒரு நிறத்துக்கு 256 படிகள் இருந்த இடத்தில் இப்போது 1,024.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார். பழைய சிக்னல் "இது முழு வெள்ளை" என்று மட்டும் சொல்லும். எவ்வளவு வெள்ளை என்பதை ரீவியும் நாங்களும் தீர்மானிப்போம், பகலில் ஏற்றுவோம், இரவில் இறக்குவோம். நெட்ஃப்ளிக்ஸில் வரும் எச்டிஆர் சிக்னல் எண்ணோடு வரும்: இந்தப் புள்ளி 40 நிட், அந்தப் புள்ளி 900 நிட். ரீவியும் தன் பின்விளக்கை அப்போதே உச்சத்துக்கு ஏற்றிவிடும். அதற்குமேல் ஏற்ற றிமோட்டில் இடமில்லை. பெட்டியில் உள்ள முத்திரையோ, இந்த ரீவிக்கு அந்தச் சிக்னலை வாசிக்கத் தெரியும் என்பதற்கு மட்டும்தான் சாட்சி. அந்த வெளிச்சத்தைத் தருவேன் என்று அது எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை. மலிவான எச்டிஆர் ரீவிகள் பல 250இலிருந்து 350 நிட்டுக்குள் நின்றுவிடும்.

ஆயிரத்துக்கு எழுதியதை முந்நூறு எப்படிக் காட்டும்? கூத்து ஆட்டுவிக்கும் அண்ணாவியார் உச்சத்தில் எடுத்த விருத்தத்தைத் தாழ்ந்த குரல்காரன் பாட நேர்ந்தால் இரண்டு வழிதான் உண்டு. மேலே போகும் இடத்தில் குரல் உடைய விடலாம், அல்லது தொடக்கத்திலிருந்தே முழுப்பாட்டையும் தாழ்த்தி எடுக்கலாம். ரீவியும் இந்த இரண்டில் ஒன்றைச் செய்கிறது. முதல் வழியில் மேகமும் விளக்கும் வெள்ளைத் திட்டாகும். இரண்டாவதில் மேகம் பிழைக்கும், மனிதர்களின் முகம் இருளும். எங்கள் ரீவி இரண்டாவது கட்சி.

அண்ணாவியார் என்று எழுதியதும் மண்முனைத் துறை ஞாபகத்துக்கு வருகிறது. 2014இல் பாலம் திறக்கும்வரை அங்கே பாதைதான். சைக்கிளையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் அந்தத் தட்டையான மிதவை. சின்ன வயதில் அதில் ஏறி மாமாவோடு படுவான்கரைக்குக் கூத்துப் பார்க்கப் போவேன். ஊரில் கறண்ட் இல்லை. ஆடுவதற்கு வட்டக் களரி, நான்கு பக்கமும் பெற்றோமக்ஸ், அதற்கு வெளியே கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல் இருட்டு. வடமோடிக் கூத்தின் அரசன் விரிந்த கரப்புடுப்போடு சுழன்று ஆடும்போது முடியில் பதித்த கண்ணாடித் துண்டுகளில் பெற்றோமக்ஸ் தெறிக்கும். ஒரு கணம் கண் கூசும், மறுகணம் முகத்தில் அரிதாரம் மங்கலாய்த் தெரியும்.

எச்டிஆர் என்று எத்தனையோ விளக்கம் வாசித்தாயிற்று, அந்தக் கண்ணாடித் தெறிப்பைவிடத் தெளிவாய் ஒன்றும் எனக்குச் சொல்லவில்லை. படத்தின் பெரும்பகுதி அடக்கமான வெளிச்சத்தில் இருக்கும். முகத்துக்குச் சில பத்து நிட் தாராளம். வாள் நுனி, கண்மணியில் ஒரு பொட்டு, தண்ணீரில் ஒரு கீற்று, இவற்றுக்குத்தான் ஆயிரம் வேண்டும். அதற்கு அந்தப் பொட்டின் பின்னால் உள்ள விளக்கு மட்டும் எரிந்து, பக்கத்தில் உள்ளது அணைய வேண்டும். நல்ல ரீவியில் பின்விளக்கு நூற்றுக்கணக்கான துண்டுகளாகப் பிரிந்திருக்கும். ஓலெட் என்றால் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணையும். ஓரத்தில் மட்டும் விளக்கு வைத்த மலிவுப் பலகையில் ஒரு கண்ணாடித் துண்டை மின்ன வைக்க முழு வயல்வெளிக்கும் விளக்குப் போட்டாக வேண்டும். இருட்டு சாம்பலாகிவிடும். 1988இன் அதே சாம்பல்.

வெளிச்சம் மாறியது கூத்துக்கும் நடந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனார். விடிய விடிய ஆடியதைச் சுருக்கி, வட்டக் களரியை ஒருபக்கம் பார்க்கும் மேடையாக்கி, மின்விளக்கின் கீழ் ஆட வைத்தார். அவரிடம் ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகி அந்த வேலையை மட்டக்களப்பிலேயே தொடர்ந்தார். அது கூத்தைக் காப்பாற்றியதா மாற்றியதா என்ற வழக்கு இன்றும் முடியவில்லை. நான் அதற்குள் போகவில்லை. ஓர் இருட்டுக்காகச் செய்த உடுப்பை வேறொரு வெளிச்சத்தில் பார்த்தால் கண்ணாடி வெறும் கண்ணாடியாகத் தெரியும் என்று மட்டும் சொல்லலாம்.

இந்த ஒளி விசாரம் எல்லாம் கடைசியில் அமிர்தகழியில் போய்த்தான் முட்டும். மாமாங்கேஸ்வரர் கோயில் உள்ள ஊர். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குச் சனம் திரளும் அந்த ஊரில் 1939இல் பிறந்தவர் ஒளிப்பதிவாளர் பாலு மகேந்திரா. புனித மிக்கேல் கல்லூரி மாணவர். பள்ளிச் சுற்றுலா ஒன்றில், 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்துக்காக டேவிட் லீன் இலங்கையில் நடத்திய படப்பிடிப்பைப் பார்த்ததை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். லீன் "மழை" என்று கத்தினாராம், மழை பெய்ததாம். அன்றைக்குத் தீர்மானித்தது சினிமாவை. புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து 1969இல் வெளியே வந்தார். பிறகு நடந்தது ஊரறியும். 1978இல் 'முள்ளும் மலரும்'. அதே ஆண்டு நவம்பர் 23 இரவு சூறாவளி எங்கள் ஊரில் ஒரு தென்னையை நிமிர்ந்து நிற்க விடவில்லை. கூரையில்லாத வீட்டுக்குள் காலை வெயில் இறங்கியதைப் பார்த்தவர்களுக்கு அவருடைய வெளிச்சம் அந்நியமாக இருந்திருக்காது. சன்னலால் வருகிற ஒளி, அதிகாலை, அந்தி. செயற்கை விளக்கைக் குறைத்து, உள்ள வெளிச்சத்தைக்கொண்டு எடுத்தவர் அவர். வாவிக்கரையில் வளர்ந்த பிள்ளைக்கு வேறெப்படித் தோன்றும் என்று எங்கள் ஊர்க்காரர் பெருமையாகச் சொல்வோம். கொஞ்சம் அதிகமான பெருமைதான், இருக்கட்டும்.

அவருடைய 'மூன்றாம் பிறை' 1982 பெப்ரவரி 19இல் வெளியானது. அதற்கு நான்கு நாள் முன்னர், 15ஆம் திகதி, இலங்கையின் ரூபவாகினித் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. இரண்டையும் சேர்த்து அன்றைக்கு யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். அந்தப் படத்தின் ஒளிப்பதிவுக்கு அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. எங்கள் வீட்டார் அதைப் பார்த்ததெல்லாம் கெசற்றிலும், பிறகு கீறல் விழுந்த விசிடியிலும்தான்.

ஆகவே புது ரீவியில் எச்டிஆர் படம் காலை வாரியதும், அமிர்தகழிக்காரரைப் போட்டுப் பார்ப்போம் என்று 'மூன்றாம் பிறை'யைத் தேடிப் போட்டேன். ஊட்டிப் பனி செம்மஞ்சளாக வந்தது. ஸ்ரீதேவியின் முகம் மெழுகு. வீடியோ அழைப்பில் கனடா மருமகனைப் பிடித்து, போனைத் திருப்பி ரீவியைக் காட்டினேன்.

"மாமா, ரீவியில செருகியிருக்கிற அந்தக் குச்சி எல்லாத்தையும் எச்டிஆர் ஆக்கித்தான் அனுப்புது. பழைய படத்துக்கு அது வேணாம். படம் என்ன மாதிரி வருதோ அந்த மாதிரியே விடச்சொல்லி ஒரு செற்றிங் இருக்கும், பாருங்க."

இருந்தது. மாற்றியதும் பனி பனியாயிற்று. முகம் முகமாயிற்று. பழைய படத்தில் இல்லாத உச்ச வெளிச்சத்தைக் குச்சியே கற்பனை பண்ணி ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறது. பனி செம்மஞ்சளானதும் முகம் மெழுகானதும் அதனால்தான்.

படத்தில் இல்லாத வெளிச்சத்தை எந்த ரீவியாலும் கொண்டுவர முடியாது. படச்சுருளின் நெகட்டிவ் பழைய ரீவியின் வீச்சைவிட எத்தனையோ மடங்கு ஒளியைப் பிடித்து வைத்திருக்கும். அதை இன்று புதிதாக ஸ்கான் செய்தால் 1982 ஊட்டிச் சூரியனை நேர்மையான எச்டிஆரில் எடுக்கலாம். ஆனால் நெகட்டிவ் இருக்க வேண்டுமே. தன் 'வீடு' படத்தின் நெகட்டிவ் இப்போது இல்லை என்று பாலு மகேந்திரா கடைசிக் காலத்தில் வருந்திச் சொன்னார். 2014 பெப்ரவரி 13இல் அவர் போய்ச் சேர்ந்தார். யூடியூபில் அப்படத்தைத் தேடினால் எப்போதோ வீடியோ நாடாவுக்கு மாற்றியதன் வாரிசுகள்தான் கிடைக்கும். அதைப் பத்து லட்சம் ரூபா ரீவியில் பார்த்தாலும் நாடாவைத்தான் பார்ப்போம். நல்ல ரீவி அதன் தரித்திரத்தைப் பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவுதான்.

பழைய படம் சரிவந்ததும் மருமகனுக்கு உற்சாகம். புதுப் படத்தின் இருட்டையும் துரத்துவோம் என்றான்.

"கறண்ட் மிச்சம் பிடிக்கிற ஒப்ஷன் ஒண்டு இருக்கும். அத நிப்பாட்டுங்க."

அறை வெளிச்சத்தை உணர்ந்து திரையை மங்கலாக்கும் கண் ஒன்று ரீவியின் அடியில் இருக்கிறதாம். அணைத்தோம். பட வகையைச் சினிமாவுக்கு மாற்றச் சொன்னான். நீலம் போய் மஞ்சள் சாயல் வந்தது. "காமாலை பிடிச்ச மாதிரி" என்றாள் மனைவி. கடையில் கிளியை மின்ன வைப்பது விவிட் என்ற வகை. வெள்ளையை நீலமாக்கி நிறத்தை அள்ளிக் கொட்டும். அதற்குப் பழகிய கண்ணுக்குச் சரியான வெள்ளை நோய் பிடித்ததாகத்தான் தெரியும். வெளிப்பெட்டி ஏதும் பூட்டினால் அந்த எச்டிஎம்ஐ துளைக்கும் தனியே ஒரு அனுமதி கொடுக்க வேண்டும் என்றான். அதைக் கடையில் விற்கும்போது திறந்து விட்டால் என்ன என்பது என் கேள்வி. அவனிடம் பதில் இல்லை.

பின்னேரம் ஏழு மணிக்குப் பிறகு இன்னொரு கூத்து. தெருவே இணையத்தில் ஏறி உட்கார்ந்துவிடும். 4கே படத்துக்கு நொடிக்கு 15 மெகாபிட் வேண்டும் என்று நெட்ஃப்ளிக்ஸ் கேட்கிறது. வேகம் இறங்கினால் படம் நிற்காது, சத்தமில்லாமல் தரத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும். அந்தி வானத்தில் படிப்படியாய் மாற வேண்டிய சிவப்பு கோடு கோடாய் விழும். 4கே புளூரே வட்டில் நொடிக்கு 128 மெகாபிட் வரை போகலாம். எங்களூரில் அந்த வட்டை வாடகைக்கு யார் தருவார்? டெக் பொடியனும் லண்டன் போய்விட்டான்.

இவ்வளவு செய்தும் முகம் முழுதாய்த் தெளியவில்லை. பிறகு ஒருநாள் ஓர் எண் கண்ணில் பட்டது. சினிமாத் தியேட்டர் திரையின் முழு வெள்ளைக்கு உலகத் தரம் வெறும் 48 நிட். திரும்பத் திரும்ப வாசித்தேன். எங்கள் மலிவு ரீவி தருவதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அந்த 48 நிட்டில்தான் ஸ்ரீராமின் பாதி முகமும் அமிர்தகழிக்காரரின் ஊட்டியும் உலகத்தை மயக்கியிருக்கின்றன.

2022இல் நாட்டில் எரிபொருள் இல்லாமல், மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணி நேரம்வரை கறண்ட் வெட்டினார்கள். புழுக்கத்தில் தூக்கம் வராத இரவுகளில் பற்றரி மிச்சமிருக்கிற மடிக்கணினியில், வெளிச்சத்தை ஆகக் குறைத்து வைத்து, நானும் மனைவியும் படம் பார்த்தோம். வீடு இருட்டு, தெரு இருட்டு, பாலமும் இருட்டு. அந்தச் சின்னத் திரையில் ஒரு நாளும் படம் இருட்டாக இருக்கவில்லை. அவளும் ஒரு நாளும் குறை சொல்லவில்லை. அப்போது யோசிக்கவில்லை. 48 என்ற எண்ணைப் பார்த்த பிறகுதான் யோசித்தேன்.

எச்டிஆர் படத்துக்கு ஒளிதிருத்துகிறவர் உட்கார்ந்திருப்பது இருட்டறையில். திரையைச் சுற்றியுள்ள சுவரில் 5 நிட் வெளிச்சம்தான் இருக்க வேண்டும் என்று தரம் சொல்கிறது. எங்கள் மண்டபமோ மனைவியின் தகப்பனார் காற்றுக்காகக் கட்டியது. கடல் பக்கம் பெரிய சன்னல்கள், எதிரே வாசல், தரையில் வெள்ளை மாபிள், உச்சியில் இரண்டு ரியூப் லைற். ரீவி தரும் 40 நிட் முகத்தின்மேல் மண்டபமே வந்து விழுகிறது. இது எங்கள் மண்டபத்துக் குறை மட்டுமல்ல. 2019 ஏப்ரல் 28இல் 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' தொடரின் பெரிய இரவுப் போர் ஒளிபரப்பானபோது உலகம் முழுக்க "ஒன்றும் தெரியவில்லை" என்று கத்தியது. ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், பலருக்குத் தங்கள் ரீவியைச் சரியாக வைக்கத் தெரியாததுதான் பிரச்சினையில் பெரும்பங்கு என்றார். அந்தப் போர் எச்டிஆரில்கூட வரவில்லை. அவர் சொன்னதில் உண்மை இருக்கலாம். ஆனாலும் வீட்டில் மனிதர் விளக்குப் போட்டுக்கொண்டு, பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டு படம் பார்ப்பார்கள் என்பது எடுத்தவர்களுக்குத் தெரியாதா? இந்த வழக்கில் நான் மாமியார் பக்கம்தான் சாட்சி சொல்வேன். அறை வெளிச்சத்தைப் பார்த்து நிழலைத் தூக்கிக் கொடுக்கும் டொல்பி விஷன் ஐகியூ என்ற ஏற்பாடு 2020இல் வந்தது. கம்பனிக்காரருக்கும் கடைசியில் சோறு தீத்துகிற மண்டபம் ஞாபகம் வந்திருக்கிறது. எங்கள் ரீவியில் அது இல்லை.

இப்போது வீட்டில் ஓர் ஒப்பந்தம் ஓடுகிறது. பகலில் கிரிக்கெட்டும் நாடகமும் விவிட்டில். பேத்திக்குக் கிளிப்பச்சைத் திடல் வேண்டும், அதில் நான் கைவைப்பதில்லை. எச்டிஆர் படம் என்றால் இரவுச் சாப்பாடு முடிந்து, ரியூப் லைற்றை அணைத்து, ரீவிக்குப் பின்னால் சுவரைப் பார்க்க ஒரு சின்ன மஞ்சள் விளக்கு மட்டும். அப்படி வைத்தால் இந்த 300 நிட் பலகையிலும் முகம் தெரிகிறது. வாள் நுனி மின்னவில்லை, அது மின்னாது, அதற்கு வேறு ரீவி வேண்டும். மனைவிக்கு ஒரே குறை, நுளம்பு. இருட்டில் அடிக்க முடியவில்லை என்கிறாள்.

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மருமகன் வருகிறான். நேற்றுப் பேசும்போது, "மாமா, 75 அங்குலத்தில ஒண்டு எடுப்பமா?" என்றான்.

"பெருசு வேணாம் ராசா. ஆயிரம் நிட் போகுமா, பின்னால விளக்கு துண்டு துண்டா அணையுமா, ரெண்டையும் கேளு. இல்லையெண்டு சொன்னா அந்தக் காசில சன்னலுக்குத் தடிச்ச திரைச்சீலைத் துணி எடுப்பம்."

குசினிக்குள் இருந்து மனைவி சத்தம் போட்டாள்: "துணி எடுக்கிற எண்டா நிறம் நான்தான் சொல்லுவன். கறுப்பு மட்டும் வேணாம்."